பட்டினி கிடந்த ஃப்ளாஷ்கள்

மிக்தாலியா நாற்காலியின் மேல் ஏறி, பீரோவின் உச்சியிலிருந்து அந்த பிஸ்கட் டப்பாவை இழுத்தாள். கீழே அவள் புருஷன் அர்ஹேலியோ நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்தார் என்று பெயர்தான். கண் முழுக்கச் சமையலறை அடுப்பில் இருந்தது.

"விழுந்தா நான் தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நீ பிடிக்கிற லட்சணத்துக்கு நாற்காலியே என்னைத் தள்ளி விட்டுரும். கையை எடு, அதுவே பரவாயில்ல."

டப்பாவுக்குள் நான்கு பழைய கேமரா ஃப்ளாஷ்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய காலுறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. ஈரம் குடிக்கட்டும் என்று ஒவ்வொரு காலுறையிலும் ஒரு பிடி அரிசி போட்டுக் கட்டியிருந்தாள். அரிசியில் பாதியை வண்டு தின்றிருந்தது. மீதியை அர்ஹேலியோ கோழிக்கு என்று உடனே அள்ளிக்கொண்டார். அந்த வீட்டில் எதுவும் வீணாகாது. வீணாக அவர் விடமாட்டார்.

ஃபிலிம் சுருள் கிடைப்பது நின்ற வருஷம் உள்ளே வைத்தவை அவை. கடைசிச் சுருளில் அவள் எடுத்தது யூசிமியின் ஞானஸ்நானம். அந்தக் குழந்தைக்கு ஞானத்தாய், அவர்கள் பேச்சில் மத்ரீனா, அவளேதான். மெழுகுவர்த்தியை ஒரு கையிலும் கேமராவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கோயிலில் நின்றபோது, குழந்தையின் அம்மா நெரேய்தாவிடம் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள்: "இவளோட வால்ட்ஸ் படம் என் கையால. வேற யாரும் தொடக் கூடாது."

அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது பதினைந்து முடியப்போகிறது. கமகுவே ஊரில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து ஆவதென்றால் அது பிறந்தநாள் இல்லை, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம். கேக் உண்டு, கவுன் உண்டு, அப்பாவோடு வால்ட்ஸ் நடனம் உண்டு. அந்த நடனப் படத்தைப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டுவார்கள். நெரேய்தாவின் வீட்டுச் சுவரில் அவள் அம்மா ஆடிய படம் இருக்கிறது, பக்கத்தில் நெரேய்தா ஆடிய படம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வரவேண்டியது யூசிமியின் படம்.

கவுன் நீலம். பக்கத்து ஊரான சியேகோ தே ஆவிலாவிலிருந்து வாடகைக்கு வருகிறது. சனிக்கிழமை காலை வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். ஒரு நாள் தள்ளி வைக்கலாம் என்ற பேச்சே இல்லை. ஊரில் படம் எடுப்பவர்களில் ஒருவன் உருகுவேக்குப் போய்விட்டான், ஒருவன் கடல் தாண்டித் தம்பாவுக்குப் போய்விட்டான். மிஞ்சியவனிடம் நல்ல விளக்குகள் உண்டு. ஆனால் அவை சுவரில் செருகி எரியும் விளக்குகள். "கரண்ட் இருந்தா எடுத்துத் தரேன் சென்யோரா, இல்லேன்னா அடுத்த வாரம் பார்ப்போம்" என்றான். அடுத்த வாரம் கவுன் எங்கே இருக்கும்?

நெரேய்தாவின் முன்னறையோ குகை மாதிரி. உயரமான ஜன்னல், தடித்த சுவர், ஜூன் மாத மழை. போனில் எடுத்துப் பார்த்தார்கள். யூசிமி சுற்றினாள், படத்தில் ஒரு ஆவி சுற்றியது.

மிக்தாலியாவிடம் கேமரா இருக்கிறது. தம்பாவிலிருந்து தங்கை அனுப்பியது, ஃபிலிம் வேண்டாத புதுசு. அதன் தலையில் இருக்கும் குட்டி ஃப்ளாஷின் மூடி வரும்போதே உடைந்து வந்தது. ஆகவே எல்லாம் இந்த பிஸ்கட் டப்பாவின் கையில்.

நாலையும் மேசையில் வரிசையாக நிறுத்தினாள். தொழில் செய்த காலத்தில் வைத்த பெயர்கள் இன்னும் மறக்கவில்லை. குண்டு, மொட்டை, சிறுசு, கழுத்து நீண்ட ஒட்டகம். பேட்டரி போடும் குழியில் தகடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தாள். வெயிலில் காய வைத்தாள். அவளிடம் சார்ஜ் ஏற்றும் பேட்டரி நாலே நாலு இருந்தன. காலையில் கொஞ்ச நேரம் கரண்ட் வந்தபோது ஏற்றி வைத்திருந்தாள். அவற்றைக் குண்டுவுக்குள் போட்டு ஸ்விட்சைத் தள்ளினாள்.

கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. ஈ... என்று மெல்ல மெல்ல மேலே ஏறியது.

"உயிரு இருக்கு!" என்றாள் மிக்தாலியா, மார்பில் சிலுவை போட்டுக்கொண்டே.

அந்த நேரம் பார்த்தா நெரேய்தா வரவேண்டும்? கையில் காப்பிக் கிண்ணத்தோடு வந்தவள், மேசையில் பாடிக்கொண்டிருந்த குண்டுவைப் பார்த்தாள். அதன் முதுகில் சிவப்பு விளக்கு அப்போதுதான் லேசாகக் கண் விழித்தது.

"அக்கா! எரியுது, எரியுது! எங்கே, ஒரு வெளிச்சம் அடிச்சுக் காட்டு!"

"தொடாதே நெரேய்தா..."

தொட்டுவிட்டாள். பொத்தானை அழுத்தியே விட்டாள். வெளிச்சம் வரவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு கோடு புகை, பிறகு கருகிய மீன் வாடை. குண்டு பாட்டை நிறுத்தியது.

"நான் என்ன பண்ணேன்? சும்மா தொட்டேன்!"

"சும்மா தொட்டு ஒரு ஆளைக் கொன்னுட்டே. காப்பியை வெச்சுட்டு அந்த மூலையில போய் உட்காரு. கையைத் தொடைக்குக் கீழ வெச்சுக்கோ."

நெரேய்தா அப்படியே உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "மத்ததும் இப்படித்தான் வெடிக்குமா அக்கா? அப்ப என் பொண்ணு படம்?"

மிக்தாலியாவுக்குத் திட்டவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "இங்கே பாரு. இதுக்குள்ள ஒரு சின்ன டப்பா இருக்கு. கரண்டைக் குடிச்சு வெச்சிருந்து, அமுக்கினதும் ஒரே மூச்சில துப்பணும். அதுதான் அதோட வேலை. வருஷக்கணக்கா பட்டினி கிடந்தா, வயித்துக்குப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியாது. பட்டினி கிடந்தவனுக்கு எழுந்ததும் பன்னி வறுவலா போடுவோம்? முதல்ல கஞ்சித் தண்ணி. அப்புறம் கொஞ்சம் கெட்டியா. அப்புறம்தான் சாப்பாடு. இதுக்கும் அப்படித்தான். ஸ்விட்சைப் போட்டு, சிவப்பு விளக்கு வந்ததும் அமுக்காம விடணும். அது பாட்டுக்குக் குடிச்சுட்டுக் கிடக்கட்டும். அணைக்கணும், ஆற விடணும், மறுபடி போடணும். நாளெல்லாம் இதே. ரெண்டு மூணு நாள் கழிச்சு, ரொம்பச் சின்ன வெளிச்சமா ஒண்ணு அடிக்கலாம்."

"சனிக்கிழமைக்குள்ள சாப்பாடு சாப்பிட்டுருமா?"

"நீ தொடாம இருந்தா சாப்பிடும்."

அன்றிலிருந்து மிக்தாலியாவுக்கு அதே வேலை. நாலே பேட்டரி, மூன்று ஃப்ளாஷ். மொட்டைக்குப் போட்டு ஒரு முறை, சிறுசுக்குப் போட்டு ஒரு முறை, ஒட்டகத்துக்குப் போட்டு ஒரு முறை. கரண்ட் வரும் நேரத்தில் பேட்டரிக்குச் சார்ஜ். கைக் கடிகாரம் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. சமையலறையில் வாழைக்காய் உரித்துக்கொண்டே அந்த 'ஈ...' சத்தத்துக்குக் காது கொடுப்பாள். முதல் நாள் மூன்று பேருக்குமே, மூன்று காய் உரித்து முடித்த பிறகுதான் சிவப்பு விளக்கு வந்தது. மூன்றாம் நாள் மொட்டைக்கும் சிறுசுக்கும் ஒரு காயில் வந்துவிட்டது.

ஒட்டகத்துக்கு மட்டும் இன்னும் மூன்று காய். சில சமயம் நாலு.

"இதுக்கு என்ன கேடு?" என்று அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். மறுபடியும் எலுமிச்சம்பழம் தேய்த்தாள். மற்ற இரண்டையும் படுக்கையறையில் வைத்திருந்தாள். ஒட்டகம் சமையலறை அலமாரியில், அர்ஹேலியோ தினமும் வந்து தண்ணீர் குடிக்கும் இடத்தில் இருந்தது. அவளுக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை கொல்லையில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அர்ஹேலியோ ஒரு கையில் தண்ணீர்க் குவளையோடு நின்றார். மறு கை ஒட்டகத்தின் முதுகில் இருந்தது. 'டிக்'. சிவப்பு விளக்கு அணைந்தது. அவர் திருப்தியாக ஒரு மடக்கு குடித்தார்.

"யோவ்!"

குவளை கிட்டத்தட்ட விழுந்தது. "என்னடி, மனுஷனைக் கொல்லப் பார்க்கறே?"

"இப்ப என்ன பண்ணே?"

"என்ன பண்ணேன்? நீ மறந்துட்டுப் போயிருந்தே. நான் அணைச்சேன். தினமும் நான்தான் அணைக்கறேன். ஒரு நாள் கூட நீ அணைச்சதில்ல, தெரியுமா? விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு, பேட்டரி தீர்ந்துக்கிட்டே இருக்கு, நீ கொல்லையில நின்னு பாட்டுப் பாடறே!"

மிக்தாலியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவரைச் சொல்லி என்ன பயன்? கரண்ட் என்பது விருந்தாளி மாதிரி வந்து போகிற ஊரில், எரிகிற எதையும் பார்த்தால் அணைக்கத்தான் எல்லார் கையும் போகும். அர்ஹேலியோவின் கை எல்லார் கையையும் விடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஊரில் யாராவது வீட்டில் பகலில் பல்பு எரிந்தால், தெருவிலிருந்தே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போவார்.

"நான் அதுக்கு நாலு நாளா கஞ்சி ஊத்தறேன், நீ நாலு நாளா வாயில இருந்து தட்டிப் பிடுங்கறே."

"இது என்ன மாடா?"

"யூசிமியோட வால்ட்ஸ் படம்! நாளை மறுநாள்! இது எரியலேன்னா அந்த மூலை இருட்டா இருக்கும், பாதிப் பொண்ணுதான் படத்துல வரும். நெரேய்தா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? கோயில்ல வெச்சுச் சொன்ன வார்த்தைய்யா!"

அர்ஹேலியோ குவளையைக் கீழே வைத்தார். யூசிமி அவருக்கும் ஞானப் பிள்ளைதான். சிறு குழந்தையாக இருந்தபோது அவர் தோளில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்று, அவர் தலையிலேயே கை துடைப்பாள். அவர் ஒட்டகத்தைப் பார்த்தார், அது தூங்குவதைப் பார்த்தார். ஸ்விட்சைத் தள்ளினார். ஈ... என்றது.

"வாழைக்காயை எடு" என்றார். "இனிமே நான் உரிக்கறேன். அணைச்சா என் விரலை வெட்டு."

உட்கார்ந்துதான் இருந்தார். எழுந்து போனால் கை தானாக அணைத்துவிடும் என்று பயந்து, தண்ணீரைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று ஃப்ளாஷுமே சின்ன வெளிச்சம் அடித்தன. குளியலறை ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, அர்ஹேலியோவை முக்காலியில் உட்கார வைத்துப் பரீட்சை. பளிச், பளிச், ஒட்டகமும் பளிச். படத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு. செத்தவன் மாதிரியே இருக்கே" என்றாள் மிக்தாலியா, மனம் குளிர்ந்து. ஒட்டகம் மட்டும் மறுபடி நிரம்ப ஒன்றரைக் காய் எடுத்தது. மற்ற இரண்டும் அரைக் காய். நாள் இல்லை, என்ன செய்வது?

சனிக்கிழமை வானம் கறுத்துக்கொண்டு விடிந்தது. கவுன் வந்தது. மத்தியானம் கேக் வந்தது, இரண்டு பேர் பலகையில் தூக்கி வந்தார்கள், மேலே குடை பிடித்து ஒருத்தி. சாயங்காலம் நாலு மணிக்கு மழை கொட்டியது, கரண்ட் போயிற்று, முன்னறை கும்மிருட்டு.

எல்லாரும் "ஐயோ" என்றார்கள். மிக்தாலியா மட்டும் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்தாள்.

"அக்கா, இருக்கற வெளிச்சத்தையும் ஏன் மூடறே?" என்றாள் நெரேய்தா.

"இந்தப் பழசுங்களைக் கேமரா தலையில மாட்டினா, கரண்ட் உதைக்கற உதையில கேமரா செத்துரும். அதனால இருட்டுல கேமராக் கண்ணைத் திறந்து வெச்சுருவேன். இருட்டுல அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான் 'இப்போ'ன்னதும் மூணு பேர் மூணு மூலையில இருந்து அமுக்கணும். அந்த வெளிச்சத்துல மட்டும் படம் விழும். அப்புறம் மூடிருவேன். ஊர்லயே இன்னிக்குக் கரண்ட் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிறது நான் ஒருத்திதான்."

"மெதுவாச் சொல்லு, அக்கம்பக்கத்துல கேட்டா அடிப்பாங்க."

மூன்று ஃப்ளாஷுக்கும் பன்னிரண்டு பேட்டரி வேண்டும். அவளிடம் நாலு. மீதிக்கு நெரேய்தாவின் சுவர்க் கடிகாரங்களும் மாமியாருடைய ரேடியோவும் காலியாயின. அடுத்த வீட்டு ஓதாலிஸ் தன் டி.வி. ரிமோட்டிலிருந்தும் விசிறி ரிமோட்டிலிருந்தும் நாலு கொண்டுவந்தாள். அதில் இரண்டில் பல்லின் தடம் தெளிவாக இருந்தது. தீர்ந்த பேட்டரியைக் கடித்தால் இன்னும் கொஞ்சம் உயிர் வரும் என்பது அவள் கட்சி.

"கடிச்சது வேண்டாம்மா. கடிக்காதது ரெண்டு குடு."

"எல்லாம் ஒண்ணுதான் மிக்தாலியா. ஆனா ஒரு விஷயம். கரண்ட் வந்ததும் எனக்கு ரிமோட் வேணும், நாடகம் போயிரும். அதனால என் பேட்டரி எந்த ஃப்ளாஷ்ல இருக்கோ, அதை நான்தான் பிடிப்பேன்."

தேடிப்பிடித்து இன்னும் இரண்டு கடிக்காத பேட்டரி கொண்டுவந்தாள். ஆக, மொட்டை ஓதாலிஸ் கையில். சிறுசு நெரேய்தா கையில், பொண்ணைப் பெற்றவள் என்பதால் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒட்டகம் அர்ஹேலியோ கையில். வேறு யாரிடம் கொடுக்க?

"அக்கா, இந்தத் தடவை நான் அமுக்கலாமா?" என்று நெரேய்தா மெதுவாகக் கேட்டாள்.

"சிவப்பு விளக்கு வந்த பிறகு அமுக்கு. அதுக்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது. மூணு பேருக்கும்தான் சொல்றேன்."

முதலில் அசையாத கோலத்தில் சில படங்கள். யூசிமி நீலக் கவுனில் படியோரம் நின்றாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், விசிறியால் முகத்தை மறைத்துச் சிரித்தாள். "இப்போ!" பளிச். எல்லாம் நன்றாகத்தான் விழுந்தன. ஒவ்வொரு படத்துக்கும் நடுவே ஒட்டகம் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அர்ஹேலியோவிடம் வாழைக்காய் இல்லாததால் உதட்டை அசைத்து ஏதோ எண்ணினார்.

பிறகு வால்ட்ஸ்.

அப்பா ஒஸ்மானி ரயில்வேயில் வேலை பார்ப்பவன். நல்ல உயரம், பின்னந்தலையில் வழுக்கை. பாட்டுப் பெட்டி கரண்ட் இல்லாமல் ஊமையாகக் கிடந்தது. யாரோ "லா, லா, லா" என்று தொடங்கினார்கள். கூட்டம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. வெளியே மழை தாளம் போட்டது. அப்பாவும் மகளும் இருட்டில் சுற்றத் தொடங்கினார்கள். கவுன் உரசும் சத்தம் மட்டும் அறையைச் சுற்றி வந்தது.

மிக்தாலியா கேமராவின் கண்ணைத் திறந்தாள். விரலை எடுக்கவில்லை. அறையின் நடுவுக்கு அவர்கள் வரும்போது சொல்ல வேண்டும். காதாலேயே அவர்களைத் தொடர்ந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும்...

பளிச்!

அவள் சொல்லவில்லை. ஓதாலிஸின் மூலையிலிருந்து வந்தது அது. ஓதாலிஸ் பாட்டில் உருகி அழுதுகொண்டிருந்தாள். அழுகையில் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், மொட்டை தானாக அடித்துவிட்டது.

"ஐயோ மாதாவே! சரி, சரி... இப்போ! இப்போ!" என்று கத்தினாள் மிக்தாலியா.

பளிச்! நெரேய்தா. சொன்ன சொல்லுக்கு அடித்தாள், நல்ல பிள்ளையாக.

ஒட்டகத்தின் மூலையில் ஒன்றுமில்லை.

கேமராவின் கண்ணை மூடவும் மனம் வரவில்லை, திறந்து வைத்திருக்கவும் தைரியம் இல்லை. "யோவ், அமுக்குய்யா!"

"சிவப்பு வரல!" என்று இருட்டிலிருந்து அர்ஹேலியோவின் குரல். "வராம தொடக் கூடாதுன்னு நீதானே சொன்னே!"

"இப்ப அமுக்கு!"

"வெடிச்சா? இரு, வருது, வருது, வயிறு நிறையட்டும்..."

ஒஸ்மானியும் யூசிமியும் எதையும் கவனிக்காமல் ஆடிக்கொண்டே வலது ஓரத்துக்குப் போய்விட்டார்கள். கூட்டம் பாட்டை விடவில்லை. யாருக்கோ சிரிப்பு வந்து "லா லா" நடுங்கியது.

பளிச்! ஒட்டகம் அடித்தது.

மிக்தாலியா விரலை எடுத்தாள், கண் மூடிக்கொண்டது. அடுத்த கணம் தலைக்கு மேல் பல்பு எரிந்தது. தெரு முழுவதும் ஒரே கூச்சல், "வந்துருச்சு! வந்துருச்சு!" வீட்டுக்கு வீடு விசிறி சுற்ற ஆரம்பித்தது. நெரேய்தாவின் மாமியார் உடனே இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். ஓதாலிஸ் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே மொட்டையின் வயிற்றைத் திறந்து பேட்டரிகளை உருவிக்கொண்டு மழையில் ஓடினாள்.

"ஏய், இன்னொரு தடவை எடுக்கணும்டி!" என்று மிக்தாலியா கத்தியது அவளுக்குக் கேட்கவே இல்லை. பேட்டரி போயிற்று. இருந்தாலும்தான் என்ன? எல்லாரும் காத்துக் கிடந்து வந்த கரண்ட். அந்த ஊரில் யாரிடம் போய் "பல்பை அணை" என்று சொல்வது?

கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தாள். அவள் கேட்டது ஒரு யூசிமி. திரையில் மூன்று யூசிமி இருந்தார்கள். மூன்று ஒஸ்மானியும் இருந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு ஜோடி, நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று.

"நெரேய்தா" என்றாள். கேமராவை நீட்டினாள். "இது கெட்டுப்போச்சு. சுவர்ல மாட்ட ஆகாது. என் மேல கோபப்படு, திட்டு, என்ன வேணா சொல்லு. வார்த்தை கொடுத்தேன்..."

நெரேய்தா எட்டிப் பார்த்தாள். யூசிமி கவுனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நடுவில் தலையை நுழைத்தாள். பின்னால் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஈரத் துணி 'ஸ்ஸ்' என்றது.

"மம்மி..." என்றாள் யூசிமி. பிறகு வீடே அதிரக் கத்தினாள். "மம்மீ! நான் மூணு பேர்! பாரு, நான் முழு அறையையும் சுத்தி ஆடறேன்! மத்ரீனா, இது எப்படிப் பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல கண்ணே, இவங்க மூணு பேரும் சேர்ந்து..."

"ஆடறது தெரியுதுக்கா" என்றாள் நெரேய்தா மெதுவாக. சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "என் படத்தைப் பாரு. ஆடறோம்னு பேரு, பொம்மை மாதிரி நிக்கறேன். எங்கம்மாவும் நிக்கறா. இவ ஆடறா."

எல்லாரும் நெருங்கி வந்தார்கள். கேமரா கை மாறிக் கை மாறிப் போயிற்று.

"எனக்கு வழுக்கையும் மூணா விழுந்திருக்கே" என்றான் ஒஸ்மானி. "ஒண்ணையாவது அழிக்க முடியாதா?"

"நடுவுல இருக்கறது என் யூசிமி. நான் அடிச்சது" என்றாள் நெரேய்தா. "கண்ணு நேரா பார்க்குது பாரு."

"கடைசியில இருக்கறதைப் பார்த்துட்டுப் பேசுங்க" என்றார் அர்ஹேலியோ. ஒட்டகத்தை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். வலது ஓரத்துப் பெண்ணின் கவுன் குடை மாதிரி விரிந்திருந்தது, தலை பின்னால் சாய்ந்து வாய் நிறையச் சிரிப்பு. "அவசரப்படாம, வயிறு நிறைஞ்சதும் எடுத்தது. உங்களுதெல்லாம் பசியில எடுத்தது."

"ஆமாய்யா, நாலு நாள் பட்டினி போட்டதே நீதான்!" என்று மிக்தாலியா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் அதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. திரையை மறுபடி பார்த்தாள். நாற்பது வருஷத்தில் எத்தனையோ பெண்களின் வால்ட்ஸை எடுத்திருக்கிறாள், ஒருத்தியும் இப்படிச் சுற்றியதில்லை. சரியாக எடுத்திருந்தால் இவளும் நின்றிருப்பாள்.

ஓதாலிஸ் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். நாடகத்தை விட இங்கே கேட்ட கத்தல்தான் பெரிதாக இருந்ததாம். படத்தைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தாள்.

"இடது ஓரத்துல இருக்கறது நான் எடுத்ததா? அழுதுக்கிட்டே எடுத்தேன்ல? அதான் எவ்வளவு உணர்ச்சியா வந்திருக்கு பாரு! மிக்தாலியா, என் பேத்திக்கு வர்ற மார்ச்ல பதினஞ்சு. எனக்கு அஞ்சு வேணும், சொல்லிட்டேன்."

"அஞ்சுக்கு இருபது பேட்டரி. கடிக்காதது."

கேக்கை வெட்டினார்கள். முதல் துண்டை யூசிமியின் தட்டில் வைத்தாள் நெரேய்தா. யூசிமி தட்டை இழுத்துக்கொள்ளவில்லை, நீட்டிக்கொண்டே நின்றாள்.

"என்னடி, ஒண்ணு வெச்சாச்சே?"

"மூணு பேர் இருக்கோம் மம்மி."

"கவுன் தாங்காதுடி! நாளைக்கு முழுசாத் திருப்பிக் குடுக்கணும்!"

"வை, வை" என்றாள் மிக்தாலியா. "வலது ஓரத்துல இருக்கறவளுக்கு மட்டும் பெரிய துண்டா வை. ரொம்ப தூரம் ஆடிட்டு வந்திருக்கா."